அவர் ஓட்டாத ட்ரிப்

என் கணவர் பஸ்ஸை ஏற்றி ஒருவரைக் கொன்றதாக வழக்குப் பதிவான அன்று காலையில், அவரால் தன் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. நான்தான் போட்டுவிட்டேன். சிக்குன்குனியா ஊரையே மடக்கிப் போட்டிருந்த சமயம். பென்னலூரில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். இவருக்கு விரல் கணுக்கள் எல்லாம் வீங்கிவிட்டன. டம்ளரை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துத்தான் கஞ்சி குடித்தார். இந்தக் கையோடு ஸ்டியரிங் பிடிக்க முடியாது என்று முந்தின நாளே முதலாளியிடம் சொல்லிவிட்டிருந்தார். விடிந்ததும் கிளினிக்குக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்து படுங்கள் என்று சொல்லிவிட்டு நான் காலை ஏ ஷிப்டுக்குக் கிளம்பினேன்.

நான் கோவில்பட்டிப் பக்கம். செல்போன் கம்பெனி லைனில் வேலைக்கு வந்து, ஹாஸ்டலில் இருந்து, இந்த ஊர்க்காரரையே கட்டிக்கொண்டவள். இவர் ஒரகடத்துக் கம்பெனி ஒன்றுக்கு ஆள் ஏற்றிப்போகும் காண்ட்ராக்ட் பஸ் ஓட்டினார். முதலாளிக்கு இப்படி ஏழெட்டு வண்டிகள். இவரும் அவரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். மற்ற டிரைவர்கள் 'மொதலாளி' என்பார்கள், இவர் 'அண்ணே' என்பார்.

ஷிப்டு முடிந்து வந்தால் வீட்டில் ஆளைக் காணோம். எதிர்வீட்டு அக்கா வாசலுக்கு வந்தாள்.

"உனுக்கு விஷயமே தெரியாதா? காலைல தண்டலத்தாண்ட வண்டி ஒரு பையன அடிச்சிடுச்சாம். பையன் பூட்டான். உங்க வூட்டுக்காரரு ஸ்டேஷனுக்குப் போயிகீறாரு."

"இவருதான் இன்னைக்கு வண்டியே எடுக்கலையே அக்கா."

"அது தெரியும். மொதலாளி மச்சான்தான் எடுத்துகினு போயிருக்கான். இவுரு கேஸுக்கு ஆள் நிக்கப் போயிகீறாரு."

இந்தப் பக்கத்து வண்டித் தொழிலில் இது ஒன்றும் ரகசியமில்லை. வண்டி யாரையாவது அடித்துவிடும். ஓட்டியவனுக்கு பஸ் ஓட்ட வேண்டிய பேட்ஜ் இருக்காது, அல்லது அவன் முதலாளி வீட்டு ஆளாக இருப்பான். அவனை அப்புறப்படுத்திவிட்டு, லைசென்சும் பேட்ஜும் சரியாக உள்ள ஒருவரை அனுப்புவார்கள். அவர் போய் 'நான்தான் ஓட்டினேன்' என்பார். அன்றைக்கே ஜாமீனில் வந்துவிடுவார். இன்சூரன்ஸ் கெடாது. பிறகு என்றைக்கோ கோர்ட்டில் அபராதத்தைக் கட்டினால் தீர்ந்தது. கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நிற்பதைச் சொல்வது மாதிரி, அத்தனை சாதாரணமாகச் சொல்வார்கள்.

சாயங்காலம் இவர் முதலாளியின் காரில் வந்து இறங்கினார். காய்ச்சல் நெருப்பாய்க் கொதித்தது.

"உங்களுக்கு என்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்றேன்.

"என் ட்ரிப்புதான அது. நான் எடுத்திருந்தா இப்டி ஆயிருக்காது."

"காய்ச்சல் வந்தது உங்க குத்தமா?"

"அண்ணன் வூட்டுக்கே வந்துட்டாரு. மச்சான் பாஸ்போர்ட்டுக்குக் குடுத்துகீறானாம். கேஸுன்னு வந்தா எல்லாம் பூடும்னு அழுவுறாரு. நான் இன்னா பண்றது?"

எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு அவருக்குச் சோறு போட்டேனா என்றுகூட நினைவில்லை. விரல் மடங்காத ஆள் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். அது கோழி கிளறின மாதிரி இருந்திருக்கும். இந்தக் கை இன்று காலையில் பஸ் ஓட்டியிருக்குமா என்று ஸ்டேஷனில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. வந்தவரே 'நான்தான்' என்று சொல்லும்போது யார் மேற்கொண்டு கேட்கப் போகிறார்கள்?

செத்துப்போன பையன் விளாத்திகுளத்துப் பக்கம், எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பாதை. இரும்பு வார்க்கும் காஸ்டிங் கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆள். நைட் ஷிப்டு முடிந்து ரூமுக்கு நடந்து வரும்போது, ரோட்டின் நடுத்தடுப்பில் இருந்த இடைவெளி வழியாகக் கடந்திருக்கிறான். இன்னும் ஆள் ஏற்றாத காலி வண்டியை மச்சான் நிறுத்திவிட்டு, இறங்கிக்கூடப் பார்க்காமல், எதிர்ப்பக்கம் குதித்து ஓடிவிட்டான். இதை அவனே முதலாளி வீட்டில் சொல்லி அழுததாக அக்காதான் பிற்பாடு சொன்னாள்.

முன்பக்கத்தைச் சரிசெய்து புதுப் பெயிண்ட் அடித்த பிறகு, முதலாளி அதே பஸ்ஸை இவர் கையில் கொடுத்தார். எனக்கு அது பிடிக்கவேயில்லை. தினமும் இரண்டு வேளை இவர் அந்த இடைவெளியைத் தாண்டிப் போனார். பஸ்ஸில் ஏறுகிறவர்கள் முதலில் தங்களுக்குள் கிசுகிசுத்தார்கள், பிறகு நேராகவே கேட்டார்கள், எப்படி அண்ணா ஆச்சு என்று. டீக்கடையில் கேட்டார்கள். ரேஷன் கடையில் கேட்டார்கள். ஆரம்பத்தில் 'வுடு, பேசாத' என்று நகர்ந்துகொண்டிருந்தவர், போகப் போகப் பதில் சொல்ல ஆரம்பித்தார். பையன் பேண்ட் என்ன கலர், ஒரு கால் செருப்பு எங்கே போய் விழுந்தது, ஹாரன் அடித்தும் ஏன் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாம் அவரே ஜோடித்தது. ஒருநாள் கடைவீதியில் பக்கத்தில் நின்று நானே அதைக் காதால் கேட்டேன். அவர் சொல்கிறபோது வலது கால் தரையில் பிரேக்கை அழுத்தியது.

சம்மன் வருவதற்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. முதலாளியே வக்கீல் வைத்தார். ஸ்ரீபெரும்புதூரில் கோர்ட்டுக்குப் பக்கத்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே அவருடைய ஆபீஸ். நானும் வருவேன் என்று பிடிவாதமாகப் போனேன்.

"ரெண்டு வழி இருக்கும்மா," என்றார் வக்கீல். "கேஸ் நடத்தலாம். சாட்சி வரும், வராது, வாய்தா ஓடும். எத்தனை வருஷம்னு நான் சொல்ல முடியாது. கடைசியில விடுதலையும் ஆகலாம், உள்ளேயும் போகலாம். இப்போ புதுசா ஒரு சட்டம் வந்திருக்கு. நாமளே குத்தத்தை ஒத்துக்கிட்டு மனு போடலாம். செத்தவங்க குடும்பம், அரசு வக்கீல், நாம, எல்லாரும் உக்காந்து பேசி முடிவு பண்ணலாம். நஷ்டஈடு குடுத்தா, ஜெயில் இல்லாம நன்னடத்தையில விடச் சொல்லிக் கேக்கலாம்."

"பேரம் பேசுறதுங்களா?"

"சட்டத்துலயே அப்படித்தாம்மா பேரு."

"செய்யாதவர் எப்படிங்க ஒத்துக்குவார்?"

வக்கீல் பேனாவை மூடி வைத்தார். "அதை நான் கேக்கலைம்மா. நீங்களும் சொல்லலை."

கத்திரிக்காய்க்குப் பேரம் பேசியிருக்கிறேன், சேலைக்குப் பேசியிருக்கிறேன். செய்யாத கொலைக்குப் பேரம் பேசுவதை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இவரிடம் சண்டை போட்டேன். கேஸை நடத்துவோம். ஊசி போட்ட டாக்டர் இருக்கிறார். தெருவே உங்களைப் பாயில் பார்த்திருக்கிறது. ஓட்டியவனைப் பார்த்த சாட்சி யாராவது இருந்தால் இவரில்லை என்றுதான் சொல்ல முடியும். ஸ்டேஷனில் பொய் சொன்னதற்குத் தண்டனை வந்தால் வரட்டும். அது நாம் செய்தது, அனுபவிக்கலாம்.

அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எனக்கு ஆட்டியது போலவே முதலாளிக்கும் ஆட்டுவார் என்று தெரியும்.

முதலாளி அதன் பிறகு அடிக்கடி வீட்டுக்கு வர ஆரம்பித்தார். ஒருபோதும் சத்தம் போட்டுப் பேசவில்லை. ஆப்பிள் வாங்கி வருவார், என் மாமியாரின் முட்டிவலியை விசாரிப்பார், நாற்காலியைக் கதவுக்கு நேராகப் போட்டுக்கொண்டு உட்காருவார். அவர் எழுந்து போகும்வரை வீட்டிலிருந்து யாரும் வெளியே போக முடியாது.

ஒருநாள் என்னைப் பார்த்துச் சொன்னார்: "நீ படிச்ச பொண்ணு. உனுக்குத் தெரியாததா. எங்கூட நின்னா அவன நான் பாத்துக்குவேன். அவனா போயி வேற மாரி பேசினான்னு வெச்சிக்கோ, அப்புறம் அவன யாரு பாத்துக்குவாங்க சொல்லு? மச்சானும் ஊர்ல இல்ல. கெளம்பிட்டான் பாவம், போன வெள்ளிக்கெழம."

ஓட்டியது நான்தான் என்று உண்மையைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் வெளிநாட்டுக்கு விமானம் ஏறிவிட்டான். இனிமேல் அந்த ட்ரிப்பை ஓட்டியவர் என்று சொல்ல இந்த ஊரில் இவர் ஒருவர்தான் பாக்கி. ஆப்பிளை நறுக்கித் தட்டில் வைத்துக் கொடுத்தேன். என் வீட்டில் நின்றுகொண்டு அவரை எழுந்து போங்கள் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்த வாரமே இவர் மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டார். வக்கீல் இவரை உட்காரவைத்து, என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். எங்கே திரும்பினாய், எவ்வளவு வேகம், எதற்குக் கவனிக்கவில்லை. இவர் ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. டீக்கடையில் அத்தனை முறை சொல்லிச் சொல்லிப் பாடமாகியிருந்தது. மாஜிஸ்திரேட் இவரைத் தனியாகக் கூப்பிட்டு, யாராவது மிரட்டினார்களா, ஆசை காட்டினார்களா என்று கேட்டாராம். இல்லைங்கய்யா, நானாத்தான் ஒத்துக்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

பேசி முடிக்கிற நாளன்று என்னையும் உள்ளே வரச்சொன்னார் வக்கீல். வீட்டுப் பெண் கூட உட்கார்ந்திருந்தால் எதிராளி மனசு இளகும் என்பது அவர் கணக்கு. கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அரசு வக்கீல், கேஸை விசாரித்த எஸ்.ஐ., எங்கள் வக்கீல், நாங்கள் இருவர், எதிரே பையனுடைய அப்பா. அறுபது வயது இருக்கும். துணைக்கு யாரையும் கூட்டிவரவில்லை. இரண்டு கைகளையும் மேஜை மேல் வைத்துக்கொண்டு, அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அரசு வக்கீல் நஷ்டஈட்டைப் பற்றி எடுத்துச் சொன்னார். பெரியவர் கேட்டுக்கொண்டிருந்த மாதிரியே தெரியவில்லை. முடித்ததும் நிமிர்ந்தார்.

"அதெல்லாம் நீங்க சொல்லுதபடியே இருக்கட்டும். நான் இந்தத் தம்பிகிட்ட ஒண்ணு கேட்டுக்கிடலாமா?"

எங்கள் வக்கீல் என்னைப் பார்த்தார். அரசு வக்கீல் கேளுங்கள் என்றார்.

"எய்யா, கடேசியா அவன்கூட இருந்தது நீதான? எம் பிள்ள என்னமும் சொன்னானா?"

சொல்லிக்கொடுத்ததில் இந்தக் கேள்வி இல்லை. வேகம் இருந்தது, திருப்பம் இருந்தது, ஹாரன் இருந்தது. இது இல்லை. சொல்லாதீர்கள், தெரியாது என்று சொல்லிவிடுங்கள் என்று நான் மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"தண்ணி கேட்டாருங்க," என்றார் இவர்.

பெரியவருடைய கைகள் மேஜையிலிருந்து எழுந்தன. "குடுத்தியா?"

"குடுத்தேங்க. வண்டில பாட்டில் இருந்துது. தலைய மடில வெச்சிகினு குடுத்தேன். ரெண்டு வாயி குடிச்சாரு."

பெரியவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது. அது பொய் என்று தெரிந்தும் வந்தது. இவர் அப்படிப்பட்ட ஆள்தான். ஒருவர் கையேந்திக் கேட்டால் இல்லையென்று சொல்ல வராது. முதலாளி கேட்டதற்கும் அப்படித்தான் கொடுத்தார், இந்தப் பெரியவருக்கும் அப்படித்தான் கொடுத்தார். அரசு வக்கீல் காகிதங்களை அடுக்கி முன்னால் நகர்த்தினார். தீர்ந்தது என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

பெரியவர் துண்டை இறக்கினார்.

"அப்ப உசுரு இருந்திருக்கு," என்றார்.

எஸ்.ஐ. நிமிர்ந்து இவரைப் பார்த்தார்.

"அடிபட்ட எடத்துலயே போயிட்டான்னுதான எங்கிட்டச் சொன்னாக. செரமப்படாமப் போயிட்டான்னு மனசத் தேத்திக்கிட்டுத்தான் இங்கன வந்தேன்." அவர் இவரைத் திட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "தண்ணி குடுக்க நேரம் இருந்திருக்கு. தூக்கி வண்டியில போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேரமில்லாமப் போச்சா எய்யா?"

எங்கள் வக்கீல் என்னென்னவோ சொன்னார். எஸ்.ஐ. ஏதோ சொன்னார். பெரியவர் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "எனக்கு இந்தப் பேரம் வேண்டாம். கேஸே நடக்கட்டும்," என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

வெளியே வந்ததும் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. இப்படிச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. பேரம் முறிந்துவிட்டது. உள்ளே பேசியதை வழக்கில் யாரும் எடுத்துக்கொள்ள முடியாது என்று வக்கீலே சொன்னார். இனிமேல் விசாரணைதான். விசாரணையில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடலாம். கிளினிக்குக்குப் போய் டாக்டரைப் பார்த்தேன். தேதி நினைவில்லை, ஆனால் விபத்து நடந்த அன்று காலையில்தான் உன் வீட்டுக்காரர் வந்தார், ஊரே அதைப் பேசியது, நான் வந்து சொல்கிறேன் என்றார். வேறு வக்கீலும் விசாரித்து வைத்தேன். முதலாளி ஆளை அனுப்பிக் கேட்டதற்கு, இவர் வீட்டில் இல்லை என்று மாமியாரைச் சொல்லச் சொன்னேன். அன்று சாயங்காலம் அவருடைய கார் எங்கள் வீட்டு வாசலில் எஞ்சினை அணைக்காமல் ரொம்ப நேரம் நின்றுவிட்டுப் போனது.

இவர் மட்டும் சரியாக இல்லை. பஸ்ஸை எடுக்கவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். கோர்ட்டுக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்னால், நான் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று கேட்டார்.

"நான் அங்க இல்லன்னு சொல்லிட்டா, தண்ணி?"

"என்ன தண்ணி?"

"அந்தப் பையனுக்கு அப்ப யாரு தண்ணி குடுத்தது?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பயமாகிவிட்டது. "யாரும் குடுக்கலைங்க," என்றேன். "அதுதான் நடந்தது. அவன் இறங்கிக்கூடப் பாக்காம ஓடிட்டான். அந்தப் பையன் தனியாக் கெடந்து செத்துப்போனான். நீங்க அங்க இல்ல."

"அதப் போயி அவருகிட்ட சொல்லணுமா?"

"நீங்க ஜெயிலுக்குப் போறதுக்கு அது எவ்வளவோ மேல்."

அவர் தோளைப் பிடித்து உலுக்கி, விசாரணை வேண்டும் என்றுதான் சொல்வேன் என்று வாக்கு வாங்கினேன். என் தலையில் கை வைத்துச் சொல்லச் சொன்னேன். வைத்தார், சொன்னார்.

கோர்ட்டில் அன்று நல்ல கூட்டம். பெரியவர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முதலாளியும் வந்து ஜன்னலோரம் நின்றார். இவரைக் கூப்பிட்டதும் போய் நின்றார். மாஜிஸ்திரேட் குற்றச்சாட்டைப் படித்துக்காட்டி, ஒப்புக்கொள்கிறீர்களா, அல்லது விசாரணை வேண்டுமா என்று கேட்டார்.

இவர் என்னைப் பார்க்கவில்லை. முதலாளியையும் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்தார்.

"ஒத்துக்கிறேன்யா. நான்தான் ஓட்டினேன்."

நான் வைத்த புது வக்கீல் எழுந்து கையை ஆட்டினார். மாஜிஸ்திரேட் நிதானமாக, இது பேரம் இல்லை, ஒப்புக்கொண்டால் எந்தச் சலுகையும் கிடையாது, தண்டனை உண்டு, புரிகிறதா என்று கேட்டார்.

"புரியிதுங்கய்யா. அவரு தண்ணி கேட்டாரு, குடுத்தேன். அப்புறம் பயந்துட்டு வுட்டுட்டு ஓடிட்டேன். அது தப்புதான்."

ஆறு மாதம் என்றார்கள். எனக்குக் காதில் எதுவும் விழவில்லை. ஜன்னலோரத்தில் முதலாளி இல்லை, எப்போது போனார் என்று தெரியாது. இவரை வராந்தா வழியாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் பின்னாலேயே ஓடினேன். ஒரு இடத்துக்கு மேல் போகாதே என்று நிறுத்திவிட்டார்கள். இவர் திரும்பிப் பார்த்து, அம்மாவுக்கு மாத்திரையை மறந்துடாத என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அங்கேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். பெரியவர் என் பக்கத்தில் வந்து நின்றது தெரிந்தது. இவர் போன திசையையே அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். என் நாக்கு நுனியில் அத்தனையும் இருந்தது. வீங்கின விரல்கள், ஊசி, ஓடிப்போனவன் பெயர், அவன் ஏறிப்போன விமானம். வாயைத் திறந்தால் போதும்.

"நீ நம்ம பக்கத்துப் பிள்ளையா தாயி?" என்றார்.

"ஆமாய்யா. கோவில்பட்டி."

"மனசப் போட்டு ஒழப்பிக்கிடாத. ஓடினது தப்புதான், இல்லைங்கல. ஆனா அந்த நேரத்துல எம் பிள்ள தலையத் தூக்கி மடியில வச்சிருக்கான் பாரு. அத நெனச்சுத்தான் இனி நானும் அவன் ஆத்தாளும் சோறு திங்கணும்." அவர் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "கடேசில உண்மையச் சொல்லிட்டான்லா."

கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஆமாய்யா," என்றேன்.